நதி என்று தட்ட ஒரு வாரம் ஆனது

நாற்பதை நெருங்கும்போது எனக்கு வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. நான் மொழிபெயர்ப்பாளன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டு, வங்கிப் படிவம், செயலிகளின் திரையில் வரும் சொற்கள் என்று எது வந்தாலும் தமிழாக்குவேன். ஒரு நாளைக்கு 2,000 சொற்களாவது தட்டினால்தான் மாதம் ஓடும். பதினைந்து வருடமாக அத்தனையையும் இரண்டு ஆள்காட்டி விரல்களால்தான் தட்டினேன். அவசரத்துக்கு வலது நடுவிரலும் சேர்ந்துகொள்ளும். 'அம்மா' வேண்டுமென்றால் ஆங்கில எழுத்துகளில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஒலியை அடித்து, அதை மென்பொருள் தமிழாக மாற்றித் தரும் முறை. பெரும்பாலோர் இப்படித்தான் தட்டுகிறோம்.

மணிக்கட்டுக்கு முன்பே கழுத்து வலித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று ரொம்ப நாள் யோசிக்கவில்லை. ஒரு நாள் வேலை செய்யும்போது என்னை நானே கவனித்தேன். மூலத்தைப் பார்க்கிறேன், குனிந்து விசைகளைப் பார்க்கிறேன், நிமிர்ந்து திரையைப் பார்க்கிறேன், பிழை இருக்கிறது, மறுபடி குனிகிறேன். ஒரு வரி முடிவதற்குள் தலை ஏழெட்டு முறை ஏறி இறங்கியது. 2,000 சொல்லுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் கழுத்து வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, நல்ல கீபோர்டு ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்போது எனக்கிருந்த எண்ணம், கருவி சரியில்லாததால்தான் வேகம் வரவில்லை என்பது. 4,200 ரூபாய்க்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வந்து இறங்கியது. எண் பகுதி இல்லாத 87 விசை. நீல ஸ்விட்ச்.

கொஞ்சம் அந்த ஸ்விட்ச் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை வாங்குகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். சாதாரண கீபோர்டில் விசைகளுக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ்ப் படலம் இருக்கும். விசையை அடிவரை அமுக்கிக் குமிழை மடக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுருள்வில்லும் உலோகத் தொடுமுனையும் உண்டு. செர்ரி எம்எக்ஸ் என்ற ஜெர்மானிய ஸ்விட்ச்தான் இதில் பலரும் பின்பற்றும் அச்சு. அதில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். மீதித் தூரம் விரலுக்கு மிச்சம். சிவப்பு ஸ்விட்ச் நேராக, தடையில்லாமல் இறங்கும். பிரவுனில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும். நீலத்தில் அந்த மேட்டோடு 'டிக்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். அழுத்தமும் மாறும்: செர்ரி சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன், நீலத்துக்கு 60. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். மாலை ஆறு மணிக்குச் சுண்டு விரலைக் கேட்டால் பெரிய வித்தியாசம் என்று சொல்லும்.

இது ஏதோ கணினி விளையாட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் மெக்கானிக்கல் என்ற சொல்லையே கேள்விப்படாமல் வருடக்கணக்காக மெக்கானிக்கல் கீபோர்டில் தட்டியவர்கள் ஏராளம். டிவிஎஸ் கோல்டு என்று ஒன்று உண்டே, கனமாக, டக் டக்கென்று சத்தத்தோடு, அதுதான். அதில் பழகியவர்கள் வேறு எதைக் கொடுத்தாலும் 'அடிச்ச மாதிரியே இல்லை' என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

புதுக் கீபோர்டு வந்த முதல் வாரம் அதன் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒவ்வோர் எழுத்தும் விழுந்ததைக் காது சொல்கிறது. ஆனால் என் வேகம் ஒரு துளிகூட ஏறவில்லை, கழுத்து வலியும் அப்படியே இருந்தது. இரவு பதினொரு மணிக்கு வேலை செய்தால் பக்கத்து அறையில் மகன் தூக்கத்தில் புரள்கிற சத்தம் கேட்டது. மனைவி நேராகவே சொல்லிவிட்டாள்: "இது வேணும்னா வெச்சுக்கங்க. ஆனா ராத்திரியில வேணாம்."

அந்தச் சமயத்தில் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் 27 வருடம் வேலை பார்த்தவர். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்தவர். வாதிக்கும் பிரதிவாதிக்கும் இடையில் எத்தனை ஆயிரம் பக்கம் அவர் விரல் வழியாகப் போயிருக்கும் என்று கணக்கில்லை. நான் தட்டுவதை நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீ ஏன்டா குனிஞ்சு குனிஞ்சு பாக்குற?"

"எழுத்து எங்கே இருக்குன்னு தெரிய வேணாமா அத்தை?"

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படித் தெரியும்?" என்றவர் எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்துவந்து என் இரண்டு கைகள் மேலும், கீபோர்டு மேலும் சேர்த்துப் போர்த்திவிட்டார். "ஆள்காட்டி விரல் ரெண்டையும் தடவிப் பாரு. மேடு தட்டுப்படுதா?"

தட்டுப்பட்டது. எஃப் விசையிலும் ஜே விசையிலும் ஒரு சின்னக் கோடு மாதிரி மேடு. பதினைந்து வருடமாக அதை அழுக்கு என்றோ அலங்காரம் என்றோ நினைத்ததுகூட இல்லை, அது என் கண்ணில் பட்டதே இல்லை. இடது ஆள்காட்டி எஃப் மேல், வலது ஆள்காட்டி ஜே மேல், மற்ற விரல்கள் வரிசையாகப் பக்கத்து விசைகளில். எங்கே போனாலும் திரும்பி இங்கே வந்துவிட வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. பக்கம் பக்கமாக இதையே அடிக்கச் சொல்வார்கள். என் பதினாறு வயதில் அத்தை என்னையும் அப்படி ஓர் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தானே என்று மூன்று வாரத்தில் நின்றுவிட்டேன். மெஷின் மாறினாலும் விரல் அதேதான் என்பது அன்று புரியவில்லை.

பார்க்காமல் அடிப்பது ஆரம்பத்திலிருந்தே இருந்த பழக்கம் இல்லை. 1874-இல் ரெமிங்டன் கம்பெனி, ஷோல்ஸ் என்பவர் உருவாக்கிய டைப்ரைட்டரை விற்கத் தொடங்கிய காலத்தில் எல்லோரும் பார்த்துத்தான் தட்டினார்கள். 1888 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு போட்டி நடந்தது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஃபிராங்க் மெக்கரின் என்பவர் விசைகளைப் பார்க்காமல் எல்லா விரலாலும் அடித்து, பார்த்து அடித்த லூயிஸ் டிராப் என்பவரை வென்றார். அதற்குப் பிறகுதான் இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது. மெக்கரின் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். இதைச் சொன்னபோது அத்தை, "கோர்ட் ஆளா? அதான்" என்றார், சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆங்கிலம் போகட்டும், எனக்குத் தேவை தமிழ். எந்த விசையமைப்பைப் பழகுவது என்று யோசித்தபோது அத்தைக்கு ஒரே பதில்தான், டைப்ரைட்டர் முறை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு அமைப்பின் வழி வந்தது. அவ்வளவு எழுத்தையும் ஓர் ஆங்கில இயந்திரத்தின் விசைகளுக்குள் அடக்கியது சாதாரண வேலை இல்லை. அதில் எழுத்தை வரைவதுபோல் தட்ட வேண்டும். 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க. புள்ளிக்கு நகரா விசை. அதை அடித்தால் உருளை நகராது. அதனால் முதலில் புள்ளி, அதன் அடியில் வந்து உட்காரும் எழுத்து பிறகு. அத்தையின் விரலில் அது மூச்சு மாதிரி ஓடுகிறது. ஆனால் நான் புதிதாகத் தொடங்குகிறவன். எனக்குத் தமிழ்99 பொருத்தமாகப் பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. இப்போதைய விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

தமிழ்99-இன் அழகை எழுத்தில் சொல்வது கஷ்டம், இருந்தாலும் முயல்கிறேன். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில். மெய்கள் வலது கையில், வ-வும் ங-வும் மட்டும் இடது ஆள்காட்டியின் கீழ்வரிசையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறித்தானே வருகின்றன? அதனால் கைகளும் மாறி மாறி ஓடுகின்றன. 'பாடு' என்று தட்டிப் பாருங்கள். ப வலது ஆள்காட்டி, ஆ இடது சுண்டு விரல், ட வலது மோதிர விரல், உ இடது நடுவிரல். வலம், இடம், வலம், இடம். தேடு, நாடு, கூடு எல்லாமே இப்படித்தான். ஒரு கை தட்டும்போது அடுத்த கை தயாராகிவிடுகிறது. தவில்காரர் கை மாறுவதைப் பார்த்திருக்கிறீர்களே, கிட்டத்தட்ட அந்த உணர்வு. மேடு இருக்கும் இரண்டு விசைகளில் ஜே மேல் இருப்பது ப, எஃப் மேல் இருப்பது புள்ளி. தமிழில் அடிக்கடி தேவைப்படும் புள்ளி, தேடாமலே விரலடியில் கிடக்கிறது.

விசை எண்ணிக்கையும் குறைகிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட என்று இன எழுத்துகள் வந்தாலும் அப்படியே. 'வணக்கம்' என்பதற்கு வ, ண, க, க, ம, புள்ளி, ஆக ஆறு தட்டு. நான் முன்பு அடித்த முறையில் எட்டு எழுத்து, ண-வுக்காக ஒரு ஷிஃப்ட்டும் கூட.

இதே வசதிதான் முதல் வாரத்தில் என்னை அழவைத்தது. காவிரி பற்றிய ஒரு கட்டுரையில் 'நதி' என்று தட்டுகிறேன், திரையில் 'ந்தி' என்று வருகிறது. மறுபடி தட்டுகிறேன், மறுபடியும் 'ந்தி'. மென்பொருளில் கோளாறு என்று நினைத்து விசையமைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். பிறகுதான் புரிந்தது: ந-வும் த-வும் இன எழுத்துகள், சேர்ந்து வந்தால் அது புள்ளி வைத்துவிடும். வேண்டாமென்றால் நடுவில் அ-வைத் தட்ட வேண்டும். ந, அ, த, இ. மமதைக்கும் அதே வழி, முதல் ம-வுக்குப் பின் ஓர் அ. சொன்னால் அரை நிமிட விஷயம். ஆனால் விரல் அதைத் தானாகச் செய்ய ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் 'நதி'யை மட்டும் ஒரு நாளைக்கு ஐம்பது முறை தட்டினேன்.

பழகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, விசைகளின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் அங்கேதான் போகும். நான் விசையமைப்பை ஒரு தாளில் அச்சடித்து, திரைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்க்கலாம், குனியக் கூடாது. மூன்றாவது வாரத்தில் அந்தத் தாளையும் நான்காக வெட்டி, தெரிந்துவிட்ட பகுதிகளை ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தேன். கடைசியாக மிஞ்சியது வலது கையின் மேல் மூலை: ண, ச, ஞ.

அந்த மூலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்99-இல் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் வலது சுண்டு விரலின் பாரம்தான். ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அந்த ஒற்றை விரலுக்கு. 'செய்' என்று தட்டினால் சுண்டு விரல் மேலே போய் ச-வை அடித்து, இறங்கி ய-வை அடிக்க வேண்டும். இதனால்தான் ஸ்விட்சின் அழுத்தம் தமிழில் தட்டுகிறவர்களுக்கு முக்கியம் என்கிறேன். நீலத்தைக் கழற்றிவிட்டு, அதைவிட இலேசான பிரவுன் ஸ்விட்ச் போட்டேன். சுண்டு விரல் வலி பத்து நாளில் குறைந்தது, இரவில் மகனும் நிம்மதியாகத் தூங்கினான். பாதி வழியில் அந்த மேடு இருப்பதும் பழகும் காலத்தில் உதவி, எழுத்து விழுந்ததா என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது. நன்றாகப் பழகியவர்கள் சிவப்பையும் விரும்புகிறார்கள். இன்னொருவர் கீபோர்டில் நாலு பக்கம் தட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அதைவிட நல்ல யோசனை இல்லை.

வேகம் விழும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு சோர்ந்திருக்க மாட்டேன். இரண்டு முறைகளுக்கும் தட்டுகளின் எண்ணிக்கை வேறு வேறு என்பதால் இணையத்தில் கிடைக்கும் வேகக் கணக்கு நமக்குச் சரிவராது. அதில் ஐந்து தட்டு ஒரு சொல். அதனால் 200 சொற்கள் கொண்ட ஒரு தமிழ்ப் பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு, அதை முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் குறித்தேன். பழைய முறையில் 13 நிமிடம். தமிழ்99 தொடங்கி மூன்றாவது வாரம் 31 நிமிடம். மூன்று மாதத்தில் 12. ஒரு வருடம் கழித்து 7.

அந்த 31 நிமிடக் காலம்தான் பலரும் விட்டுவிடுகிற இடம். நானும் விட்டிருப்பேன். வேலைக்குக் கெடு இருக்கிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், விரலோ ற-வுக்கும் ர-வுக்கும் நடுவில் தடுமாறுகிறது. முதல் மூன்று வாரம் வேலையைப் பழைய முறையிலேயே செய்தேன். காலையில் இருபது நிமிடம், சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் மட்டும் புது முறை. நடு வரிசை மட்டும் ஒரு வாரம், பிறகு மேல் வரிசை, கடைசியில் கீழ் வரிசை. நான்காவது வாரம் திங்கட்கிழமை பழைய முறையைக் கணினியிலிருந்தே நீக்கிவிட்டேன். அந்த மாதம் வேலையை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டேன், வருமானமும் குறைந்தது. முடிந்தவர்கள் வேலை குறைவாக இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால், அவசரம் வரும்போதெல்லாம் பழசுதான் ஜெயிக்கும்.

பயிற்சி என்றால் வேகமாக அடிப்பது என்று நினைத்திருந்தேன். அத்தை தலைகீழாகச் சொன்னார்: "தப்பில்லாம அடி. வேகம் தானா வரும். தப்போட அடிச்சா விரலு தப்பைத்தான் கத்துக்கும்." அவர் காலத்தில் அழிக்கும் விசை கிடையாது. லோயர் பரீட்சையில் பத்து நிமிடத்துக்கு 1,500 தட்டு, ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் போய்விடும். அதனால் பயிற்சி நேரத்தில் அழிக்கும் விசையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிழை விழுந்தால் விழட்டும், அந்தச் சொல்லை அடுத்து மூன்று முறை நிதானமாகச் சரியாகத் தட்டிவிட்டு மேலே போவது. என் முன்னேற்றத்தில் பாதி இந்த ஒரு பழக்கத்தால் வந்தது என்று நம்புகிறேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு சங்கடம் வந்தது. 'தாமதம்' என்று தட்டினால் 'தாம்மதம்' என்று விழுந்தது. எல்லா முறையும் இல்லை, எப்போதாவது. என் விரல்தான் இரண்டு முறை படுகிறது என்று எண்ணி அந்த விசைக்கு மட்டும் தனிப் பயிற்சி செய்தேன். ஒரு வாரம் போனது. ஒரு படிவத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்பது 'சம்மர்ப்பிக்கவும்' என்று போய், திருத்துநர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். எனக்கு மனசே சரியில்லை. அன்று மாலை ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் தட்டும்போது 'புக்' என்ற சொல்லின் கடைசியில் கே இரண்டாக விழுந்தது. ம இருப்பது கே விசையில். அப்போதுதான் உறைத்தது, கோளாறு என் விரலில் இல்லை, ஸ்விட்சில்.

உலோகத் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் அதிரும். அந்த அதிர்வைப் பொருட்படுத்தாமல் விடும்படி கீபோர்டுக்குள் ஏற்பாடு இருக்கும். தூசியோ தேய்மானமோ அதிர்வை நீட்டித்துவிட்டால் ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து வந்தால் உடனே கண்ணில் படும். தமிழ்99-இலோ இரட்டித்த மெய்க்குத் தானாகப் புள்ளி விழுந்து, பார்வைக்கு ஒழுங்கான தமிழ் எழுத்தாகவே உட்கார்ந்துவிடுகிறது. உங்களுக்கும் ஒரே ஒரு மெய் மட்டும் அடிக்கடி இரட்டித்து விழுந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி அந்த விசையை நூறு முறை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டினால் விரலைக் குறை சொல்ல வேண்டாம்.

என் கீபோர்டில் ஸ்விட்சைப் பற்றவைக்காமல் செருகியிருந்தார்கள். கூட வந்த சின்ன இடுக்கியால் விசைமூடியை எடுத்து, ஸ்விட்சைப் பிடுங்கி, அதிகம் பயன்படாத ஒரு விசையிலிருந்ததை அங்கே மாற்றிப் போட்டேன். அடியில் இருக்கும் இரண்டு மெல்லிய உலோகக் கால்கள் வளையாமல் நேராக இறங்குகின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. முதல் கீபோர்டு வாங்குகிறவர்கள் விளக்கு எத்தனை நிறத்தில் எரிகிறது என்று பார்ப்பதைவிட, ஸ்விட்சைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். பிடிக்காத ஸ்விட்சை மாற்ற முடிந்ததும், பழுதானதை நானே சரிசெய்ததும் அதனால்தான்.

மணிக்கட்டு விஷயத்தில் ஒன்று. மெக்கானிக்கல் கீபோர்டு சாதாரணத்தைவிட உயரம். அதன் பின்பக்கம் மடக்குக் கால்கள் இருக்கும், பலரும் வாங்கியதும் அவற்றை விரித்து நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், கை இன்னும் மேலே மடங்கி வலி கூடியது. கால்களை மடக்கி, நாற்காலியை இரண்டு விரற்கடை உயர்த்தி, காலுக்கு அடியில் ஒரு மணைப்பலகை போட்டேன். முழங்கை விசைகளின் மட்டத்துக்கு வந்தது. தட்டும்போது மணிக்கட்டை மேஜையில் ஊன்றுவதில்லை, நிறுத்தும்போதுதான் ஊன்றுவேன். இப்போது வலி இல்லை. கழுத்து வலியும் இல்லை, குனிவதே இல்லையே. மூலத்தில் கண்ணை வைத்தால் பத்தி முடியும்வரை எடுப்பதில்லை. மொழிபெயர்ப்பில் இதனால் வந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முன்பு எழுத்தைத் தேடுவதில் போன கவனம் இப்போது வாக்கியத்தில் நிற்கிறது. ஒரு சொல் சரியில்லை என்றால் தட்டும்போதே நெருடுகிறது.

ஆங்கிலத்தையும் அதே விரல்களால் பழகிக்கொண்டேன், அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விரல்களுக்கு இடம் ஏற்கெனவே தெரியும், எழுத்து மட்டும்தான் வேறு. இரண்டும் குழம்பாதா என்று கேட்பார்கள். இரண்டு மொழி பேசுகிறவருக்கு நாக்கு குழம்புகிறதா என்ன?

மிச்சமிருப்பது எண் வரிசை. மருந்துச் சீட்டுகளில் மில்லிகிராம் கணக்கு வரும்போது இன்னமும் கண் கீழே போகிறது. தவறக்கூடாத இடம் என்பதால் பயமும் இருக்கிறது. போன வாரம் அத்தையை ஃபோனில் கூப்பிட்டு, "ஆறாம் நம்பர் எந்த விரலுக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"தெரியலையேடா."

"27 வருஷம் அடிச்சிருக்கீங்களே?"

"இரு, இரு." ஃபோனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மேஜைமேல் விரல்கள் தட்டும் சத்தம், வேகமாக, ஏதோ ஒரு தேதியையோ வழக்கு எண்ணையோ அடிப்பதுபோல. நின்றது. ஃபோனை எடுத்தார்.

"வலது ஆள்காட்டி" என்றார்.